கல்லு மேடமும் என் கண்ணாடிப் பாட்டிலும்

செய்தி வந்தபோது நான் சலூன் நாற்காலியில், பாதி முகம் மழித்து, மீதி முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தேன். எங்கள் வேதியியல் துறையில் ஆய்வக உதவியாளராக இருந்தவர் போன் செய்தார். “அம்சவேணி மேடம் போய்ட்டாங்க சார். காத்தால மார் வலிக்குதுன்னாங்களாம். ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சிடுச்சு” என்றார். நான் “ஐயோ” என்றேன். கத்தி வைத்திருந்தவர் கையை நிறுத்திவிட்டு, “யாரு சார்? கல்லு மேடமா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “எங்க மாமியார் ஊர்ல கெட்டுப்போன மண்ண எல்லாம் கல்லா சுட்டு எடுத்தாங்களே, அவங்களா?” என்றார். அதற்கும் ஆமாம் என்றேன். அவர் கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு வாடிக்கையாளர் பெஞ்சில் போய் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இருபது வருஷமாக நான் அவரிடம்தான் முடி வெட்டிக்கொள்கிறேன். கல்லூரியில் என்ன பாடம் நடத்தினேன் என்று அவர் ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை. “இந்தப் பக்கம் இன்னும் பாக்கி இருக்குப்பா” என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. துக்கம் பிறகு வந்தது, உண்மையாகவே வந்தது. ஆனால் முதலில் வந்தது வயிற்றெரிச்சல். அம்சவேணியை அறிந்த உங்களிடம் இதை மறைத்துவிட்டு வேறு எதையும் எழுத முடியாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நினைவு மலர்க் குழுவினர் என்னை “அம்சவேணி அவர்களின் மிக நெருங்கிய சக ஆசிரியர்” என்று குறிப்பிட்டுக் கட்டுரை கேட்டிருந்தார்கள். எங்கள் இருவர் மேசைக்கும் நடுவே இரண்டடி இடைவெளி இருந்தது. அந்த நெருக்கத்தைச் சொல்கிறார்கள் என்றால் சரிதான்.

அவர் துறையில் சேர்ந்தபோது எனக்கு அங்கே ஒரு பெயர் இருந்தது. ஈயம், குரோமியம், காட்மியம் என்று யாராவது பேச்செடுத்தால் “ஏகாம்பரம் சாரைக் கேளுங்க” என்பார்கள். நச்சு உலோகங்களில் முனைவர் பட்டம் வாங்கியவன் நான் ஒருவன்தான். அம்சவேணி முதுகலைப் பட்டத்தோடு வந்தார். முதல் வாரமே நூலகத்திலிருந்து என் ஆய்வேட்டை எடுத்துப் போய், முழுதும் படித்துவிட்டு வந்து நின்றார். என் ஆய்வேட்டை முழுதும் படித்தவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். என் தேர்வாளர்கள் மேல்கூட எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. “நாலாவது அத்தியாயம் ரொம்ப நல்லா இருக்கு சார். அஞ்சாவதுல ஒரு கிராஃப்ல மட்டும் ரெண்டு அச்சும் மாறிப்போச்சு போல” என்றார். போய்ப் பார்த்தேன். மாறித்தான் இருந்தது. பதினோரு ஆண்டுகளாக நிம்மதியாக மாறியிருந்தது.

அவர் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. குத்திக்காட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஊருக்கு வடக்கே ஏரிக்கரை ஓரம் ஒரு பட்டறை இருந்ததை உங்களில் சிலர் அறிவீர்கள். தோல் பதனிடுவதற்கான குரோம் உப்பைத் தயாரித்த இடம். முதலாளி மூடிவிட்டுப் போன பிறகு பீப்பாய்கள் துருப்பிடித்து, உள்ளிருந்தது மண்ணில் இறங்கியிருந்தது. கோடையில் மண் பச்சையாகத் தெரியும். மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் ஓடும். பக்கத்துக் கிணறு ஒன்று கெட்டுப்போய், அந்த ஊர்க்காரர்கள் எங்கள் கல்லூரிக்கு வந்து, என்னைத்தான் கேட்டார்கள். அந்த மண்ணைச் சிமெண்ட்டோடு கலந்து கட்டியாக்கிவிடலாம் என்று நான் திட்டம் போட்டேன். ஒரு கட்டுரையும் எழுதினேன். என் சிமெண்ட் கட்டிகள் பார்வைக்கு அழகாக இருந்தன. அமிலம் கலந்த நீரில் போட்டால் ஒரு மாதத்தில் குரோமியம் கசிந்தது. அந்தப் பகுதியைக் கட்டுரையில் சிறிய எழுத்தில் போட்டிருந்தேன்.

அம்சவேணி அந்தச் சிறிய எழுத்தையும் படித்தார். துறைக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் சொன்னார்: “சார் பண்றது பொரி உருண்டை. பாகு புடிச்சிக்கிட்டு இருக்கிற வரைக்கும் கெட்டியா இருக்கும். தண்ணில போட்டா பொரி தனியா வந்துடும். நாம இட்லி சுடணும் சார். வெந்த இட்லியிலருந்து உளுந்த மட்டும் யாராவது தனியா எடுக்க முடியுமா?” அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் அன்று இரவு இட்லி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அவர் சொன்ன இட்லி இதுதான். அந்த மண்ணோடு களிமண்ணும் இரும்புச் சத்துள்ள செம்மண்ணும் சேர்த்துப் பிசைந்து, செங்கல்லாக அறுத்து, சூளையில் சுட வேண்டும். சரியான சூட்டில் குரோமியம் இரும்போடு சேர்ந்து படிகத்துக்குள் உட்கார்ந்துவிடும். பிறகு அமிலமே ஊற்றினாலும் எழுந்து வராது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் சூளைக்குள் காற்று புகுந்தால் கதையே மாறிவிடும். காற்றும் சூடும் சேர்ந்தால் குரோமியம் தண்ணீரில் கரையும் மஞ்சள் நஞ்சாகிவிடும். முன்பைவிட மோசம்.

முதல் முறை அவருக்கு அப்படித்தான் ஆனது. கல்லைப் பொடித்து ஊறவைத்த தண்ணீர் எலுமிச்சைச் சாறு போல மஞ்சளாக நின்றது. நானாக இருந்தால் தொட்டியில் ஊற்றிவிட்டுக் குழாயைத் திறந்திருப்பேன். அவர் அந்தக் குடுவையைத் துறையின் நடு மேசையில் வைத்து, மாணவர்களை வரிசையாகக் கூப்பிட்டுக் காட்டினார். “நல்லா பாத்துக்கோங்க. இது என் தப்பு. கல்லு நல்லா இருக்குன்னு யாரும் எங்கிட்ட வந்து சொல்லாதீங்க. தண்ணி நல்லா இருக்கான்னு சொல்லுங்க” என்றார். தன் தோல்வியை இப்படி நடுக்கூடத்தில் வைக்க ஒருவருக்கு எங்கிருந்து தைரியம் வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. அந்தக் குடுவை ஒரு வாரம் அங்கே இருந்தது. அதைப் பார்த்து ஒரு வாரமும் நான் சந்தோஷமாக இருந்தேன். எட்டாவது நாள் அவர் சூளையை மாற்றிவிட்டார்.

அடி அண்ணாமலையைத் தாண்டி அவர் கணவரின் நிலத்தில் ஒரு சின்னச் சூளை கட்டினார். செங்கல் போடும் முனுசாமியைத் துணைக்கு வைத்துக்கொண்டார். மண்ணோடு உமியைப் பிசைவது, சூளை உச்சச் சூட்டை அடைந்ததும் வாயையும் புகைத் துளைகளையும் சேறு பூசி ஒரே மூச்சில் அடைப்பது, ஆறும்வரை திறக்காமலிருப்பது: காற்றைத் தடுக்க அவர் கண்ட வழி இதுதான். கல் கறுப்பாக வரும். முனுசாமிக்கு அது பிடிக்கவில்லை. “செவப்பா சுடறதுக்குத்தான் சார் எங்கப்பா கத்துக்குடுத்தாரு. இத்த எவன் வாங்குவான்?” என்று என்னிடமே முறையிட்டார். பிறகு அவரே அந்தக் கறுப்புக்கு ரசிகராகிவிட்டார். மேடத்திடம் யார் போனாலும் அப்படித்தான் ஆனார்கள்.

என் மனைவி கோமளாவும் அப்படித்தான். ஒரு பௌர்ணமி. மதியத்துக்கு மேல் நானும் அவளும் கிரிவலம் கிளம்பினோம். பாதையில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். அடி அண்ணாமலைக்கு அருகே எதிர்த்திசையிலிருந்து அம்சவேணி வேகமாக நடந்து வந்தார். தோளில் துணிப்பை, அதற்குள் சூளைச் சூடு அளக்கும் கருவி. கூட்டமெல்லாம் ஒரு பக்கம் போக இவர் ஒருவர் மட்டும் எதிரே வந்ததால் எல்லாரும் முறைத்துக்கொண்டே வழிவிட்டார்கள். “என்ன மேடம் இந்தப் பக்கம் சுத்துறீங்க?” என்று கோமளா கேட்டாள். “சூளைக்குப் போறேங்க. இன்னும் ஒரு மணி நேரத்துல வாய மூடணும். சேறு பூசற ஆள்ல ரெண்டு பேரு கூட்டத்துல மாட்டிக்கினாங்க. முனுசாமி ஒருத்தராத்தான் நிக்கிறாரு” என்றார். கோமளா என்னைப் பார்த்தாள். நான் மலையைப் பார்த்தேன். அவள் செருப்பில்லாத காலோடு மேடத்தின் பின்னால் போய்விட்டாள்.

பாதி வலத்தில் மனைவி விட்டுப்போன மனிதனாக நான் மீதியைத் தனியே சுற்றி வந்தேன். அவள் முழங்கை வரை சேற்றோடு வீட்டுக்கு வந்தாள். சூளையின் கிழக்குத் துளைகளைத் தானே அடைத்ததாகச் சொன்னாள். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் என் ஆய்வகத்தில் நடந்த எதைப் பற்றியும் அவள் அப்படிப் பேசியதில்லை. “நீங்க ஒரு நாளும் கூப்பிடலயே” என்றாள், நான் எதுவும் கேட்காமலே.

அந்தச் சூளையிலிருந்து எடுத்த கற்கள்தான் மாவட்ட நிர்வாகத்துக்குப் பரிசோதனைக்குப் போயின. அவை சரியாக இருந்தால் பட்டறை மண் முழுவதையும் மழைக்கு முன்பே சுட்டுவிட அனுமதி கிடைக்கும். சூளை வேலையில் சேராத ஒருவர் தனியே சோதித்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். நச்சு உலோகம் என்றால் ஏகாம்பரம் சார்தானே? ஒரு கறுப்புக் கல்லை என்னிடம் கொடுத்தார்கள்.

என் வாழ்நாளில் நான் அவ்வளவு கவனமாக எந்தச் சோதனையையும் செய்ததில்லை. பாட்டில்களை உதவியாளரிடம் விடாமல் நானே கழுவினேன். கண்ணாடிச் சுத்தம் என் பெருமை. என் குடுவைகளில் நீர் ஒரு துளி நிற்காமல் வழியும். கல்லைப் பொடித்து, அமிலம் கலந்த நீரில் பதினெட்டு மணி நேரம் குலுக்கி, வடித்து, சோதனைத் திரவத்தை விட்டேன். தண்ணீர் ஊதா நிறமாக மாறியது. ஊதா என்றால் கரையும் குரோமியம் இருக்கிறது என்று பொருள். கல் கசிகிறது. நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். அன்று இரவு நான்கு இட்லி சாப்பிட்டேன்.

வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகத்து மாடியில் கூட்டம். நான் அறிக்கையை வாசித்தேன். அம்சவேணி என் எண்களைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். தலைமை வகித்த அதிகாரி வருத்தத்தோடு, இன்னும் சோதனைகள் தேவை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். கீழே இறங்கி வந்து கேன்டீனில் நானும் அவரும் டீ வாங்கினோம். நான் பெருந்தன்மையாக ஆறுதல் சொல்ல ஆரம்பித்தேன். அவர் டீயைக் குடிக்காமலே கேட்டார்: “சார், பாட்டில எதுல கழுவுனீங்க?”

“குரோமிக் ஆசிட்லதான். மூணு தரம்” என்றேன், பெருமையாகவே.

சொல்லி முடித்தபோதுதான் என் காதில் அது விழுந்தது. குரோமியம் இருக்கிறதா என்று பார்க்கப் போகும் பாட்டிலைக் குரோமியத்தாலேயே கழுவியிருக்கிறேன். எத்தனை முறை அலசினாலும் அது கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, பிறகு மெல்ல மெல்ல வெளியே வரும். இதை நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். வெறும் தண்ணீரை மட்டும் அதே பாட்டிலில் குலுக்கி ஒப்பிட்டுப் பார்க்கும் பிளாங்க் சோதனை இல்லாத ரீடிங் செல்லாது என்று எத்தனை மாணவர்களின் மதிப்பெண்ணைக் குறைத்திருப்பேன்! ஊதாவைக் கண்ட மகிழ்ச்சியில் அந்தப் பிளாங்க்கை நான் செய்யவே இல்லை.

அம்சவேணி என் முகத்தைப் பார்க்காமல் டம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “நானும் ஒரு காலத்துல அப்படித்தான் சார் கழுவிக்கிட்டு இருந்தேன். எல்லாருக்கும் ஆகிறதுதான். அதிகாரி இன்னும் மேலதான் இருக்காரு. நீங்களே சொல்லிடுங்க சார்.”

“பாக்கலாம் மேடம், பிளாங்க் பண்ணிப் பாத்துட்டுச் சொல்றேன்” என்றேன். அன்றே கல்லூரிக்குப் போய் அதே பாட்டிலில் வெறும் தண்ணீரைக் குலுக்கினேன். ஊதா. கல்லே இல்லை, ஊதா மட்டும் இருந்தது. அதைத் தொட்டியில் ஊற்றிவிட்டுக் குழாயைத் திறந்தேன்.

நான் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், திங்கட்கிழமை சொல்லலாம், தேர்வு முடியட்டும் என்று தள்ளினேன். அந்த வருஷம் மழை கொஞ்சம் ஜாஸ்தி. பட்டறை மண் கரைந்து இறங்கியதில் இன்னும் இரண்டு கிணறுகள் மஞ்சளாயின. அம்சவேணி வெளியூர் ஆய்வகத்துக்குத் தன் கற்களை அனுப்பி, காத்திருந்து, சான்று வாங்கி, மறுபடி மாடியேறி, அடுத்த கோடையில்தான் அனுமதி பெற்றார். லாரி லாரியாக மண்ணைச் சுட்டார்கள். கற்கள் இன்று ஒரு சாலைக்கு அடியில் இருக்கின்றன. கிணறுகள் தெளிய மேலும் சில வருஷம் ஆனது. ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. ரமணாசிரமம் பக்கம் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர்கள்கூட அந்தக் கறுப்புக் கல்லில் ஒன்று ஞாபகத்துக்கு வேண்டும் என்று கேட்டுப் போனார்கள். என் சிமெண்ட் கட்டியை யாரும் கேட்கவில்லை.

என் பணி ஓய்வு விழாவில் வாழ்த்திப் பேசியவரும் அவர்தான். “நம்ம டிபார்ட்மென்ட்ல சார் அளவுக்குக் கண்ணாடிய சுத்தமா வெச்சிருந்தவங்க யாருமில்ல” என்றார். அவர் முகத்தில் கிண்டலைத் தேடினேன். இல்லை. விழா முடிந்ததும் வராந்தாவில் நிறுத்திக் கேட்டே விட்டேன்: “ஏன் மேடம் நீங்க யார்கிட்டயும் சொல்லல?”

“அது உங்க ரீடிங் சார்” என்றார். “நோட்டுல தப்பா எழுதிட்டா எழுதினவங்கதானே கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல கையெழுத்துப் போடணும்? நம்ம பசங்களுக்கு அப்படித்தானே சொல்லித் தர்றோம்? உங்க நோட்டுல நான் கோடு போடக் கூடாது சார்.” பிறகு, “வீட்டுக்கு வாங்க, கோமளாவையும் கூட்டிக்கிட்டு” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். எனக்கு அப்போதும் நன்றி வரவில்லை. இவ்வளவு நல்லவராக இருக்க இவருக்கு என்ன உரிமை என்று கோபம்தான் வந்தது.

இரங்கல் கூட்டத்துக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். கல்லூரி முதல்வர், “அரசுப் பரிசோதனையில் தோற்றும் மனம் தளராமல் வென்றவர்” என்று உருக்கமாகப் பேசினார். அடுத்துப் பேச வேண்டியவன் நான். உண்மை நாக்கு நுனிவரை வந்தது. நான் சொன்னது என்ன தெரியுமா? “தோல்வியிலிருந்து எழுவது எப்படி என்று எங்களுக்குக் கற்றுத் தந்தவர்” என்றேன். கைதட்டினீர்கள்.

வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது முனுசாமி பக்கத்தில் வந்து நின்றார். தலை நரைத்துவிட்டது. “சார், ஒண்ணு கேக்கணும்” என்றார். “மொதல்ல ஆபீசுக்குக் குடுத்தமே, அந்தக் கல்லு. அது ஏன் சார் ஒழுகிச்சு? மேற்கால தொளைய நாந்தான் பூசினேன். சேறு வெடிச்சி காத்து பூந்திருக்கும்னு ஒம்போது வருசமா நெனச்சிக்கினு இருக்கேன். ஒம்மேல தப்பு இல்லப்பான்னு மேடம் சொல்லும். என் மனசு நோவக் கூடாதுன்னு சொல்லுதுன்னு நெனப்பேன். அந்த ரெண்டு கெணறு கெட்டுதே சார், அது என் கையாலதானே?”

அதுவரை என் பொய்யில் நான் பார்த்தது இரண்டே பேரை. என்னை, மேடத்தை. இந்த மனிதர் இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. “இல்ல முனுசாமி. கல்லு ஒழுகல. என் பாட்டில்தான் ஒழுகிச்சு” என்றேன். அங்கேயே, அந்த வாசலிலேயே, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். தன் வலது கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டார். “மேடத்துக்குத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியும் என்றேன். “அப்ப எங்கிட்ட பொய் சொல்லல அது” என்று சொல்லிவிட்டு, அழுதார். என்னிடம் விடைபெறாமல் போனார்.

ஆகவே உங்கள் முன்னால், நானே எழுதியதை நானே அடிக்கிறேன். ஆட்சியர் அலுவலகத்துக்கு நான் கொடுத்த ரீடிங் தவறு. அம்சவேணியின் கற்கள் அன்றும் கசியவில்லை, என்றும் கசியவில்லை. முனுசாமி பூசிய சேறு வெடிக்கவில்லை. இழந்த அந்த மழைக்காலத்துக்கும் கெட்ட இரண்டு கிணறுகளுக்கும் பொறுப்பு என்னுடையது. முதல்வர் தம் உரையைத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன். என் பெயரைக் கீழே போட்டிருக்கிறேன்.

அவரிடமிருந்து எதை வைத்துக்கொள்ளப் போகிறேன் என்று இத்தகைய கட்டுரைகளின் முடிவில் சொல்வார்கள். அவருக்குச் சேர வேண்டிய நல்ல பெயரில் ஒரு பங்கை இத்தனை நாள் நான் வைத்திருந்தேன். அதை இப்போது கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகாவது மனம் குளிரும் என்று எதிர்பார்த்தேன். இதே தவறு அவருக்கு நேர்ந்திருந்தால் அந்த டீயை வைத்துவிட்டு மாடியேறியிருப்பார் என்ற நினைப்பில் வயிறு இன்னும் எரிகிறது. எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியிருப்பது இந்தப் பொறாமை ஒன்றுதான். இதை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

— ஏகாம்பரம்